நிலத்தடி நீர் மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: களத்தில் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகள்

நிலவியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படித்து முதன்முறையாகக் களத்துக்குச் செல்லும் மாணவர்களுக்காகவும், ஆய்வகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் நீர் மாதிரி எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். குப்பியை எத்தனை முறை அலசுவது, எத்தனை நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது என்பவற்றையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றருகே எங்கே நிற்பது, துருப்பிடித்த ஸ்டார்ட்டர் பெட்டியை யார் தொடுவது, அமிலக் குப்பியை வண்டியில் எங்கே வைப்பது என்பவை பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறைப் பகுதி என்பதால், நாம் மாதிரி எடுக்கும் இடங்களில் பெரும்பாலானவை ஆழமான திறந்தவெளிக் கிணறுகளும் வயல் நடுவே இருக்கும் போர்வெல்களுமே. ஆகவே அவற்றை மையமாக வைத்தே எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். பாதுகாப்பில்லை என்று தோன்றும் இடத்தில் மாதிரி எடுக்காமல் திரும்பி வர உங்களுக்கு அனுமதி உண்டா என்று வழிகாட்டிப் பேராசிரியரிடமோ மேலதிகாரியிடமோ புறப்படும் முன்பே வெளிப்படையாகக் கேளுங்கள். களக்குறிப்பேட்டில் "மாதிரி எடுக்கவில்லை" என்று எழுதுவதற்கும், அதன் காரணத்தைக் குறிப்பதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். அப்படி ஒரு கட்டம் இல்லாத படிவம், எப்படியாவது எடுத்து வா என்று வற்புறுத்தும் படிவமே. ஒரு கிணறு விடுபட்டால் வரைபடத்தில் ஒரு புள்ளி குறையும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைக் கொண்டு அதை ஈடுகட்டிவிடலாம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒரு குப்பி எடுத்துவிட்டே போய்விடுவோம்" என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்துவிட்டால், அதன்பிறகு எந்தப் பாதுகாப்பு விதியும் நிற்காது.

புறப்படுவதற்கு முன்

தனியாகப் போகக் கூடாது. குறைந்தது இருவர் வேண்டும். அந்த இரண்டாமவர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநராக இல்லாமல், கிணற்று மேட்டில் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பவராக இருக்க வேண்டும். அன்றைக்குப் போகும் ஊர்கள், வரிசை, திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, குறித்த நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் பாம்புக்கடி நச்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்பு மீட்புப் பணிக்கு 101 என்பவை எல்லோருக்கும் தெரிந்த எண்கள்தாம். ஆனால் அழைக்கும்போது இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். வருவாய்க் கிராமத்தின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, பிரதான சாலையிலிருந்து உள்ளே வரும் தூரம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கிணற்றுக்கும் எழுதிவைத்திருந்தால், பதற்றத்திலும் வழி சொல்லிவிடலாம்.

அனுமதி என்பது மரியாதைக்கான விஷயம் மட்டுமன்று, பாதுகாப்புக்கானதும்கூட. உங்கள் நிறுவனத்தின் கடிதத்துடன் கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சித் தலைவரையும் முதலில் பாருங்கள். காவிரி டெல்டாவில் இது இன்னும் முக்கியம். மீத்தேன் திட்டத்துக்கும், 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கும் எதிராக நடந்த போராட்டங்களுக்குப் பிறகு, குழாயும் கருவியுமாக வயலில் இறங்கும் வெளியூர்க்காரர்களை அங்குள்ள மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. எதற்காக எடுக்கிறோம், முடிவை யாரிடம் தருவோம் என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி முடிவைக் கொண்டுவந்தும் கொடுங்கள். குழுவில் பெண்கள் இருந்தால் கழிப்பறை வசதிக்கும், இருட்டுவதற்கு முன் திரும்புவதற்கும் பயணத் திட்டத்திலேயே இடம் வைக்க வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை கணுக்கால் மூடும் ரப்பர் அடிப்பகுதி கொண்ட காலணி, முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி ஆகியவை கட்டாயம். செருப்போடு வருபவரைக் கிணற்று மேட்டுக்கு ஏற்றாதீர்கள்.

இடத்தை அடைந்ததும் செய்ய வேண்டியது

வண்டியிலிருந்து இறங்கியவுடன் குப்பிகளை எடுக்காமல், ஐந்து நிமிடம் நின்று சுற்றிலும் பாருங்கள். நாய் அவிழ்த்து விடப்பட்டிருக்கிறதா, தலைக்கு மேல் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறதா, கிணற்றுச் சுவரிலோ பக்கத்து மரத்திலோ மலைத்தேனீக் கூடு இருக்கிறதா, வரப்போரமாகக் கம்பி வேலி ஓடுகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலிகள் மலையடிவாரக் கிராமங்களில் இன்றும் உண்டு. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படிப்பட்ட வேலியில் சிக்கி இறந்தன. யானையைச் சாய்க்கும் மின்சாரம் மனிதரை விட்டுவைக்காது. விடியற்காலையில் யாரும் அழைக்காமல் தோட்டத்துக்குள் நுழைய வேண்டாம். உரிமையாளரோ அவர் வீட்டாரோ முன்னால் நடக்க, பின்னால் போங்கள்.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. "ஐயா, மோட்டார்ல, பைப்புல எர்த் அடிக்குதுங்களா?" "கிணத்துல பாம்பு கிடக்குதுங்களா?" "தூர் வாரி எவ்வளவு நாளாச்சு, கடைசியா எறங்குனவங்களுக்கு மூச்சு முட்டுச்சா?" "பிளீச்சிங் பவுடரோ மருந்தோ போட்டீங்களா?" இவற்றுக்கு அவர் சொல்லும் பதில், உங்களிடமுள்ள எந்தக் கருவியும் தராத தகவல். கடைசிக் கேள்வியின் பதில் ஆய்வு முடிவைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

மின்சாரம்

விவசாயப் பம்பு செட்டுகளில் பெரும்பாலானவை 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தால் நிலைமை புரியும்: கதவில்லாத ஸ்டார்ட்டர் பெட்டி, ஃபியூஸுக்குப் பதிலாகச் சுற்றிய செம்புக் கம்பி, டேப் உரிந்த இணைப்புகள், உள்ளே குளவிக் கூடு, சில சமயம் பல்லியைத் தேடி வந்த பாம்பு. இந்தப் பெட்டியை நீங்கள் தொடக் கூடாது. மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் உரிமையாளர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. அவர் இல்லையென்றால் காத்திருங்கள், அல்லது வேறு நாள் வாருங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கையை வைக்காதீர்கள். உச்சிவெயிலில் அதன் சிறு விளக்கு எரிவதே கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது ஆபத்து, ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் வந்தவுடன் ஆள் இல்லாமலேயே மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். டெலிவரி பைப்பின் வாயில் கையை விட்டுப் பாசியைத் துடைத்துக்கொண்டிருப்பவருக்கும், பைப்புக்கு நேர் எதிரே தொட்டிச் சுவரில் ஏறி நிற்பவருக்கும் அது எந்த முன்னறிவிப்பும் தராது. பைப்பருகே போவதற்கு முன் "ஆட்டோவை ஆஃப் செய்துவிட்டீர்களா?" என்று கேட்டு, ஆம் என்ற பதிலைக் காதால் கேட்ட பிறகே நெருங்குங்கள்.

மோட்டார் பொருத்திய போர்வெல்லில் நீர்மட்டம் அளக்கும் நாடாவையோ மாதிரிக் குழாயையோ இறக்கும்போது, உள்ளே நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் தொங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். நாடா அதில் சிக்கிக்கொண்டால் இழுக்கும் இழுப்பில் கேபிளின் உறை கிழியலாம். அதன்பிறகு கேசிங் பைப்பை, அதாவது போர்வெல்லின் வெளிக்குழாயைத் தொடுபவருக்கு மின்சாரம் தாக்கும். எனவே மெயின் சுவிட்சையே நிறுத்திய பிறகுதான் எதையும் உள்ளே இறக்க வேண்டும். சிக்கிக்கொண்டால் வலிந்து இழுக்காமல், நாடாவை வெட்டிவிட்டு உரிமையாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மாதிரி எடுப்பதற்கு முன் போர்வெல்லில் தேங்கி நின்ற பழைய நீரை வெளியேற்றும் கட்டத்தில்தான் தரை நனைகிறது. ஆறு அங்குல போர்வெல்லில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 18 லிட்டர் நீர் நிற்கும். 30 மீட்டர் நீர் நின்றால் சுமார் 540 லிட்டர். அதைப்போல மூன்று மடங்கு வெளியேற்ற வேண்டுமென்றால் 1,600 லிட்டருக்கு மேல். விநாடிக்கு இரண்டு லிட்டர் கொட்டும் மோட்டாருக்குக் கால் மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நீரும் மோட்டார் அறைப் பக்கம் ஓடாமல் வாய்க்காலுக்கோ வயலுக்கோ போகும்படி ஹோஸை முதலிலேயே திருப்பிவிடுங்கள். கணக்கை முன்கூட்டியே போட்டுவைத்திருந்தால் அந்தக் கால் மணி நேரத்தை நிழலில் கழிக்கலாம்.

யாருக்காவது மின்சாரம் தாக்கிவிட்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள், அது முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து விலக்குங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தொடங்கிவிட்டு, உடனிருப்பவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். குழுவில் எல்லோரும் அந்த முதலுதவியை முறையாகப் பழகியிருக்க வேண்டும். கம்பி அறுந்து கிடப்பதைக் கண்டால் ஒதுங்கி நின்று மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

திறந்தவெளிக் கிணறு

ஒரே விதி: கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. படிக்கட்டு நன்றாக இருந்தாலும், ஊர்ப் பையன்கள் தினமும் குதித்து நீந்தினாலும், தோட்டக்காரரே "நான் எறங்கி மொண்டு தரேன்" என்று அன்போடு சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்காக இறங்குபவரின் உயிருக்கும் நீங்கள்தான் பொறுப்பு. எடை கட்டிய குப்பியைக் கயிற்றில் இறக்கி மேலிருந்தே மாதிரி எடுக்க முடியும். முடியாத கிணறு, மாதிரிக்கு ஏற்ற கிணறு அன்று.

முதல் காரணம் காற்று. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் அந்த இடம் பாதுகாப்பற்றது என்று கொள்ள வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாத, குப்பையும் இலைதழையும் அழுகிக் கிடக்கும் ஆழமான கிணற்றின் அடியில் கரியமில வாயு தங்கிவிடுகிறது. அது காற்றைவிடக் கனமானது. ஹைட்ரஜன் சல்பைடும் அப்படித்தான். அழுகிய முட்டை நாற்றம் கொண்டு அதை அறியலாம் என்பது பாதி உண்மை மட்டுமே, ஏனென்றால் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்தவுடன் அது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி கொள்ளும் நேரமே பேராபத்தான நேரம். கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் டீசல் இன்ஜின்களின் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

மெழுகுவர்த்தியோ அரிக்கேன் விளக்கோ இறக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். ஆக்சிஜன் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும் வரை சுடர் எரியும். நச்சு வாயுவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க அண்ணன் இறங்க, அவரைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்க, மூவரும் இறந்துபோகும் செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். உள்ளே யாராவது மயங்கினால், எவ்வளவு கல்நெஞ்சமாகத் தோன்றினாலும், பின்னால் யாரையும் இறங்க விடாமல் தடுத்து 101-ஐ அழைப்பதுதான் உண்மையான உதவி.

இரண்டாவது காரணம் விளிம்பு. கைப்பிடிச் சுவர் இல்லாத மண் கிணறுகளில் மேலே அருகம்புல் பச்சைப்பசேல் என்று விரிந்திருக்கும். அடியில் மழைநீர் மண்ணை அரித்துக் குடைந்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் தள்ளி நின்று பார்த்தால்தான், புல்தரை ஒரு முழம் வெளியே துருத்திக்கொண்டு ஆதாரமில்லாமல் நிற்பது தெரியும். அரச மரமோ ஆல மரமோ வேரோடிய கற்சுவர்களில் கற்கள் தொட்டாலே நகரும். மோட்டாரைத் தாங்க இரும்புத் தண்டவாளத் துண்டுகளின் மேல் போட்ட சிமென்ட் பலகைகளும், தண்டவாளம் துருவேறிய பிறகு நம்பத்தக்கவையல்ல. ஆகையால் முதலில் கிணற்றைச் சுற்றித் தள்ளி நடந்து பாருங்கள். பாறையோ உறுதியான சுவரோ உள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். சுவர் இல்லையென்றால் முழு உடல் பாதுகாப்பு வாரை அணிந்து, அதன் கயிற்றை உயிருள்ள மரத்தின் அடியிலோ நிறுத்திய ஜீப்பிலோ கட்டிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு குனிவதைவிட முழங்காலிட்டு இறக்குவது நல்லது. மாதிரிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குப்பி எங்காவது சிக்கி விடுபடும்போது அது உங்களையும் சேர்த்து இழுக்கும்.

மூடியை இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேனின் கைப்பிடியில் நீளமான கயிற்றைக் கட்டி, ஒவ்வொரு கிணற்றிலும் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். யாராவது தவறி விழுந்தால் உடனே வீசலாம். ஒருவர் பிடித்துக்கொண்டு மிதக்க அது போதும்.

அடிபம்பும் பழைய போர்வெல்லும்

இந்தியா மார்க் 2 அடிபம்பின் கைப்பிடி கனமானது. தேய்ந்துபோன பம்பில் அது திடீரென மேலெழும்பித் தாடையைத் தாக்கலாம். அடிப்பவர் ஒருவர், குப்பி பிடிப்பவர் வேறொருவர் என்று பிரித்துக்கொண்டு, கைப்பிடிப் பக்கம் குழந்தைகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் வைத்து நீரெடுக்கும் போர்வெல்களைத் தவிர்ப்பது மேல். அழுத்தத்தில் கழன்று வீசும் ஹோஸ் ஆளை அடித்துவிடும் என்பது ஒரு காரணம். காற்று கலந்த நீரில் கரைந்த ஆக்சிஜன், கார அமிலத்தன்மை (pH), இரும்பு ஆகியவற்றின் அளவு மாறிவிடுவதால் மாதிரியும் பயன்படாது.

நீர்மட்டத்தைக் கண்காணிக்கப் போட்ட குழாயின் மூடியைத் திறந்தால், வேலை முடிந்ததும் மூடிப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பல நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. வழியில் மூடாத போர்வெல்லைக் கண்டால் கல்லையோ முள்ளையோ வைத்து அடையாளம் செய்துவிட்டு, அன்றைக்கே ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அது உங்கள் ஆய்வுத் திட்டத்தில் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

அமிலம்

உலோகங்களுக்கான மாதிரியில், கார அமிலத்தன்மை 2-க்குக் கீழே வரும்படி அடர் நைட்ரிக் அமிலம் சேர்க்கிறோம். பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் போதும். அந்தச் சிறிய அளவே கண்ணைப் போக்கப் போதுமானது. பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி அணிந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வீசும்படி நின்று, சமமான இடத்தில் குப்பியை வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறை அடர் நைட்ரிக் அமிலத்தை நெடுநேரம் தாங்காது. மேலே பட்டால் உடனே கழற்றிவிட்டுப் புதியதைப் போடுங்கள். பைகார்பனேட் மிகுந்த கடின நீரில் அமிலம் பட்டதும் நுரைத்து வாயு கிளம்பும். அது அடங்குவதற்குள் மூடியை இறுக்கினால், பிறகு திறக்கும்போது முகத்தில் தெறிக்கும். கார அமிலத்தன்மையைக் காட்டும் பரிசோதனைத் தாளைக் குப்பிக்குள் விடாமல், ஒரு சொட்டு நீரைத் தாளின் மேல் விட்டுப் பாருங்கள்.

கிருமிப் பரிசோதனைக்கு முன் குழாயின் வாயைச் சுட ஸ்பிரிட் கொண்டுபோகிறவர்கள், அதையும் நைட்ரிக் அமிலத்தையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வெடிக்கும் தன்மை உண்டு. பிளீச்சிங் கரைசலோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஆகவே மூன்றுக்கும் மூன்று பெட்டிகள் வேண்டும். அமிலப் பெட்டியில் குப்பி சாயாதபடி சுற்றிலும் காய்ந்த மணலை நிரப்பி, ஆட்கள் உட்காரும் பகுதிக்கு வெளியே கட்டிவையுங்கள். இருசக்கர வண்டியில் அமிலம் கொண்டுபோக வேண்டாம்.

தோலிலோ கண்ணிலோ பட்டால் சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாமல் கழுவ வேண்டும். அதற்கென்று தனியே 10 லிட்டர் நீர் வண்டியில் இருக்கட்டும். குடிக்க வைத்திருக்கும் நீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆப்ப சோடா தரையில் சிந்திய அமிலத்துக்குத்தான், தோலுக்கு அன்று. அமிலம் சேர்த்த மாதிரி பார்ப்பதற்கு வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும் என்பதால், "அமிலம் சேர்த்தது, குடிக்காதீர்" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வரும் பிள்ளைகள் உங்கள் வண்டியைச் சுற்றி நிற்பார்கள் என்பதை ஒரு கணமும் மறக்க வேண்டாம்.

மாசுபட்ட நீரும் வெயிலும் பாம்பும்

உப்பா, சப்பா என்று நாக்கில் விட்டுப் பார்ப்பது பழைய களப்பணியாளர்களிடம் உள்ள வழக்கம். மின்கடத்துத்திறன் கருவி கையில் இருக்கும்போது அதற்குத் தேவையில்லை. அதே சமயம் எல்லா நீருக்கும் ஒரே அளவில் அஞ்ச வேண்டியதுமில்லை. தர்மபுரிப் பக்கத்து ஃப்ளோரைடு நீர் கையில் பட்டால் ஒன்றும் ஆகாது, ஆண்டுக்கணக்கில் குடிப்பதே தீங்கு. ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியக் கழிவு பாதித்த இடங்களில் மஞ்சளாக வரும் நீர் அப்படியன்று. அங்கே கையுறை, கண்ணாடி, நீர் புகாத காலணி மூன்றும் இன்றித் தொடக் கூடாது. நீரின் மேல் எண்ணெய்ப் படலமோ பெட்ரோல் வாடையோ இருந்தால் தீ, ஸ்பிரிட் விளக்கு, இன்ஜின் எதுவும் அருகில் கூடாது. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் வீட்டுக் கிணறுகளிலேயே எண்ணெய் வந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவமழைக்கு முந்தைய மாதிரி எடுக்கும் மே மாதம் அக்னி நட்சத்திர காலம். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடும்படி திட்டமிடுங்கள். ஒரு பொட்டலம் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டும். அரை லிட்டரில் கலப்பது தவறு. உடல் கொதிக்க, பேச்சு குழறத் தொடங்கினால் அது வெப்பத்தாக்கு: நிழலுக்குத் தூக்கிச் சென்று, ஆடையைத் தளர்த்தி, நீரூற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். இடி கேட்டால் கிணற்று மேட்டைவிட்டு வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

பாம்பு கடித்தால் வெட்டுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் நச்சுமுறி மருந்து ஒன்றே என்பதால், பாம்பைப் பிடித்துக் காட்டும் முயற்சி தேவையில்லை. 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து அந்த மருந்து தயாராகிறது என்பதை நன்றியோடு இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. நாய் கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது

களைத்த கையால் தூக்கும் ஐஸ் பெட்டி முதுகைப் பிடித்துவிடும். இருவர் சேர்ந்து தூக்குங்கள். பெட்டிகளைக் கயிற்றால் கட்டிய பிறகே வண்டி கிளம்பட்டும். காலை நான்கு மணிக்கு எழுந்த ஓட்டுநரை இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டச் சொல்லாதீர்கள். மாதிரி ஆய்வகத்தில் சேர வேண்டிய நேரம் நெருங்கினால், கிணறுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமே தவிர வேகத்தைக் கூட்டக் கூடாது. மீந்த அமிலத்தை வாய்க்காலில் கொட்டாமல் ஆய்வகத்துக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். கையைச் சோப்பால் கழுவாமல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட வேண்டாம்.

அன்று மாலையே களக்குறிப்பேட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் எதிரே ஆபத்துக் குறிப்பை எழுதுங்கள்: "தென்புற விளிம்பு குடைந்திருக்கிறது, வடக்கே நிற்கவும்", "ஸ்டார்ட்டர் பெட்டியில் குளவி", "உரிமையாளர் காலை ஏழுக்குப் பிறகே வருவார்". ஜனவரியில் மழைக்குப் பிந்தைய மாதிரிக்கு அதே கிணற்றுக்குப் போகப் போவது வேறொரு புதியவராக இருக்கலாம். பட்டியலோடு இந்தக் குறிப்புகளையும் அவர் கையில் கொடுங்கள்.